பல் எடுத்த பிறகு ஏழு நாள்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "விழாவில் இருபது நிமிஷம் பேசணும், மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுப்பா" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டார். "பல் எடுத்த பிறகு வீட்டில் எப்படி இருக்கணும்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ சிவில்தானேப்பா படிச்சே?" என்று கேட்டார். ஆமாம், 2010-இல் இதே கல்லூரியில் சிவில் முடித்தவன்தான் நான். பல் மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்ததுதான்.

அப்படியிருந்தும் இதைப் பேச இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் உங்கள் வயசு. ஞானப் பல் என்று சொல்லும் கடைசிக் கடைவாய்ப் பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். அதாவது கல்லூரி விடுதியில் இருக்கும் வயசு, இல்லாவிட்டால் புதிதாக வேலை கிடைத்து வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வயசு. இடம் போதாமல் அது படுத்தவாக்கில் முளைத்தால் பல பேருக்குச் சின்ன ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார்கள். இரண்டாவது காரணம், நான் செய்த தப்புகள். அவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது பொதுவான விஷயம். உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்து எழுதிக்கொடுப்பதுதான் உங்களுக்கு. இரண்டும் வேறுபட்டால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

என் பல் கதை

2016. எனக்கு 27 வயசு. கோவையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இன்ஜினீயர். ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்த்தாடை வலது பக்கம் ஞானப் பல் படுத்தவாக்கில் முளைத்து, மாதத்துக்கு ஒரு தடவை ஈறு வீங்கி உயிரை எடுத்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். லிக்னோகெயின் என்கிற அந்த மருந்தை 1943-இல் சுவீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்க்ரென் என்ற வேதியியலாளர் உருவாக்கினார் என்று பின்னால் படித்தேன். அந்த மனிதருக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம். ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை ராவி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்து, மூன்று தையல் போட்டார். மொத்தம் நாற்பது நிமிடம். வலியே தெரியவில்லை. "இவ்வளவுதானா சார்?" என்று கோணவாயோடு கேட்டேன். "என் வேலை இவ்வளவுதான், இனிமே உங்க வேலை" என்று சொல்லி, இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விளக்கினார். நான் "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிவிட்டு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தச் சட்டை மறுநாள் சலவைக்குப் போய்விட்டது.

முதல் நாள் தூங்கியே கழிந்தது. இரண்டாம் நாள் கன்னம் போண்டா மாதிரி வீங்கியது. மூன்றாம் நாள் சைட்டில் ஸ்லாப் கான்கிரீட். காலை ஆறு மணிக்கே ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும்போது சைட் இன்ஜினீயர் பல் வலி என்று படுத்திருக்க முடியுமா? போனேன். நாள் பூராவும் வெயில், தூசி, கத்தல். நடுவில் கொதிக்கக் கொதிக்க டீ, கூடவே இரண்டு சிகரெட். சாயங்காலம் வாய் கசப்பாக இருந்ததால் குழாயடியில் நின்று நன்றாகக் கொப்பளித்து வேகமாகத் துப்பினேன். ஈரல் துண்டு மாதிரி கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது. அழுக்கெல்லாம் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று ராத்திரியிலிருந்து வலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நாலாம் நாள் ராத்திரி தாடையில் ஆரம்பித்துக் காது, நெற்றிப்பொட்டு வரைக்கும் வலி. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்று மருந்துக் கடையில் வேறு மாத்திரை வாங்கிப் போட்டேன். கீழ்வீட்டு அம்மா, பாவம், என் முனகல் சத்தம் கேட்டுக் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பஞ்சில் நனைத்து ஓட்டைக்குள் திணித்தேன். கன்னத்தின் உள்பக்கம் வெந்துபோனதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் காலையில் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "குழி காலியா இருக்கு, எலும்பு தெரியுது. என்ன பண்ணீங்க?" என்றார்.

"ஸ்லாப் கான்கிரீட் போட்டோம் சார்."

"போட்ட கான்கிரீட் மேல அன்னிக்கே லாரி விடுவீங்களா?"

"விட மாட்டோம் சார்."

"பின்னே? நான் குடுத்த தாளைப் படிச்சீங்களா?"

எனக்குப் பதில் இல்லை. டிராயிங்கைப் பார்க்காமல் கம்பி கட்டிய மேஸ்திரியை நான் எத்தனை தடவை கூட்டத்துக்கு நடுவில் திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு நாற்காலியில் அந்த மேஸ்திரியாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கறுப்புத் துண்டு என்ன?

நான் துப்பியது அழுக்கு இல்லை. பல் இருந்த குழியில் உறைந்து நிற்கிற ரத்தக் கட்டி அது. பல்லை எடுத்ததும் குழிக்குள் ரத்தம் நிறையும், சில நிமிடங்களில் உறையும். அந்தக் கட்டிதான் கீழே இருக்கிற எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் மூடி. அதற்குள்ளேதான் புதுத் திசு வளரத் தொடங்கும். மேலே ஈறு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்தக் கட்டி.

அது கலைந்துபோனாலோ, கரைந்துபோனாலோ, சரியாக உருவாகாமலே போனாலோ எலும்பு வெளியே தெரியும். காற்றும் எச்சிலும் சாப்பாடும் அதில் நேராகப் படும். அந்த வலிக்கு டிரை சாக்கெட் என்று பெயர். உலர்ந்த குழி என்று சொல்லலாம். கிராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் 1896-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரலாம். கீழ்த்தாடை ஞானப் பல்லுக்கு வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இன்னும் கூடும். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு. ஆகவே வந்துவிட்டால் உங்கள் தப்பு என்று வெட்கப்பட்டு அறையிலேயே கிடக்காதீர்கள்.

அடையாளம் சுலபம். பல் எடுத்த வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திரும்பவும் ஏறி, காதுப் பக்கம் பாய்ந்து, வாயில் கெட்ட வாசனையும் வந்தால் நேராகப் பல் டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு அவர் குழியைக் கழுவி, மருந்து தடவிய துணியை உள்ளே வைத்தார். பத்து நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அந்த மருந்திலும் கிராம்பு வாசனைதான் வந்தது! "இதைத்தானே சார் நானும் வச்சேன்?" என்றேன். "நான் கழுவிட்டு, அளவா, வேண்டிய இடத்துல வைக்கறேன். நீங்க பாட்டிலைக் கவுத்திருக்கீங்க" என்றார். இரண்டு மூன்று முறை மருந்து மாற்றி, பத்து நாளில் சரியானது. நாற்பது நிமிட வேலைக்கு இரண்டு வாரம் கொடுத்தேன்.

நாள் வாரியாக ஒரு பார் சார்ட்

நாம் இன்ஜினீயர்கள். எந்த வேலைக்கும் பார் சார்ட் போட்டுத்தான் பழக்கம். இதற்கும் ஒன்று போடுவோம்.

முதல் அரை மணி: டாக்டர் வைத்த பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அரை மணியோ முக்கால் மணியோ, அவர் சொன்ன நேரம் வரை. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பேசவும் வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்: கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது. எச்சில் ஊறினால் விழுங்கிவிடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் அந்த இழுப்பில் கட்டி கிளம்பி வந்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலில் கலந்தால் வாய் முழுக்க ரத்தம் மாதிரிதான் தெரியும். பயப்பட வேண்டாம். மரத்த உணர்ச்சி போகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள், உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்குப் பல் எடுத்திருந்தால் இதை நாம்தான் கூட இருந்து பார்க்க வேண்டும்.

வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் கால் மணி நேரம் வையுங்கள், கால் மணி நேரம் எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் வீக்கம் என்றாலே சுடு ஒத்தடம் கொடுப்பார்கள். முதல் நாள் அது கூடாது. சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், நின்ற ரத்தம் திரும்ப வரும். ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். மற்ற பற்களை மெதுவாகத் துலக்கலாம், புண் பக்கம் பிரஷ் போகக் கூடாது.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள்: வீக்கம் உச்சத்துக்கு வருவது இப்போதுதான். கண்ணாடியில் பார்த்து, நேற்றைவிட இன்று அதிகமாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்க வேண்டும். வாய் முழுசாகத் திறக்காது, அதுவும் சகஜமே. 24 மணி நேரம் கழிந்த பிறகு உப்புத் தண்ணீர் ஆரம்பிக்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுங்கள், பிறகு வாயைத் திறந்து தானாக விழ விடுங்கள். கோயில் யானை மாதிரி பீய்ச்சக் கூடாது. சாப்பிட்ட பிறகெல்லாம் இப்படிச் செய்யலாம்.

உடம்பு தேறிவிட்டது மாதிரி தோன்றுவது மூன்றாம் நாள். நம்மை ஏமாற்றுவதும் அந்த நாள்தான். நான் மாட்டிக்கொண்டதும் அன்றுதான். பைக்கில் நீண்ட தூரம், ஜிம், கிரிக்கெட், மூட்டை தூக்குவது எதுவும் இந்த மூன்று நாளில் வேண்டாம்.

ஏழாம் நாள்: கரையாத தையல் என்றால் ஏறக்குறைய இந்த நாளில் பிரிப்பார்கள். கரைகிற தையல் தானாக விழும். கான்கிரீட்டுக்கும் குறைந்தது ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம் அல்லவா, அந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மேலே பார்த்தால் இறுகியிருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

சிகரெட்டும் மதுவும் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். புகையிலை எந்த வடிவத்திலும் குறைந்தது மூன்று நாள் கூடாது, ஒரு வாரம் விட்டால் நல்லது. உறிஞ்சும் இழுப்பு ஒரு பக்கம், புகை ரத்த ஓட்டத்தைக் குறைப்பது இன்னொரு பக்கம். நான் அந்த வாரத்தில் விட்டவன் இன்றுவரை தொடவில்லை. அந்தப் பல் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

சாப்பாடு

முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், குழையப் பிசைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி. ஐஸ்கிரீமும் சாப்பிடலாம், முந்திரி, கோன் இல்லாமல். இரண்டாம் நாளிலிருந்து பருப்பு சாதம், இடியாப்பம், வாழைப்பழம், குழைவாகக் கிளறிய முட்டை. மறு பக்கத்துப் பல்லால் மெல்லுங்கள். முறுக்கு, சிப்ஸ், மிக்சர், வேர்க்கடலை, காரக் குழம்பு ஒரு வாரத்துக்கு வேண்டாம். தயிர் சாதத்தில் தாளித்த கடுகுகூடக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தாளிக்காமல் சாப்பிடுங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாடு குறையும் நாட்களில் அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை

வலி வந்த பிறகு மாத்திரை தேடாதீர்கள். மரத்த உணர்ச்சி போவதற்கு முன்பே முதல் வேளையைப் போட்டுவிட வேண்டும், அதுவும் டாக்டர் எழுதியதை. ஞானப் பல் வலிக்கு ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஐபுப்ரோஃபென் வகை ஆகாமல் போகலாம். கேட்காமல் போடக் கூடாது.

நான் செய்த இன்னொரு தப்பு இங்கேதான். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையிலேயே பாராசிட்டமால் கலந்திருந்தது. அது தெரியாமல் கடையில் தனியாகப் பாராசிட்டமால் வாங்கி மேலே போட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லா மாத்திரையும் சேர்த்து 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டினால் ஈரலைப் பாதிக்கும். அட்டையின் பின்பக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். சிமெண்ட் மூட்டையில் கிரேடு பார்த்து வாங்குகிற நாம் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம்.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவை இல்லை. எழுதிக்கொடுத்தால் சொன்னபடி சாப்பிடுங்கள், எழுதாவிட்டால் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அது முடியும்வரை, முடிந்து இரண்டு மூன்று நாள் வரைக்கும், மது கூடாது. வாந்தி, படபடப்பு என்று படுத்திவிடலாம். வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவது, மூக்குப்பொடி வைப்பது, இதெல்லாம் புண் மேல் இன்னொரு புண்.

அப்பாவின் பல்

இப்போது என் அப்பா கதை. 2022-இல் அவருக்கு 66 வயசு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் இரண்டு மாத்திரை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அந்த மாத்திரை சாப்பிட்டா ரத்தம் நிக்காது, நாலு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க" என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அம்மா மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

உடனே பல் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் இதய டாக்டரிடம் பேசிவிட்டு, அன்றைக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு மறக்கவே மறக்காது: "பல் குழியில ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அமுக்கி நிறுத்திடலாம். இதயக் குழாய் அடைச்சா எங்க பஞ்சு வைக்கறது?" ஒரு வாரம் கழித்து, மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தார். குழிக்குள் ரத்தம் நிறுத்தும் பஞ்சு வைத்துத் தையல் போட்டார். ஆகவே வீட்டில் பெரியவர்கள் என்ன மாத்திரை சாப்பிட்டாலும் பல் டாக்டரிடம் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலருக்கு அதனால் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டார்கள். தலையணையில் ரத்தம். அப்பா முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை டாக்டர் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தேன். வாயில் திரண்டிருந்ததை ஈரப் பஞ்சால் துடைத்தேன். சுத்தமான காஸ் துணியைக் கெட்டியாக மடித்து, நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் சரியாக வைத்து, "கடிச்சுக்கோங்கப்பா" என்றேன். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டதா என்று பார்க்க அவரே எடுத்துவிட்டார். திரும்ப வந்தது. புதுத் துணி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக அரை மணி. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயசில் எனக்குத் தடுப்பூசி போடும்போது அவர் கையை நான் அப்படித்தான் பிடித்திருப்பேன். பத்தே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தோம். நின்றிருந்தது.

பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு துணி, ஒரு கடிகாரம், அரை மணிப் பொறுமை. காஸ் துணி தீர்ந்துபோனால் டீ பேக் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, ஆற வைத்து, அதே மாதிரி கடிக்கலாம் என்றும் அந்தத் தாளில் இருந்தது. தேயிலையில் உள்ள துவர்ப்பு ரத்தம் நிற்க உதவும். இப்படி இரண்டு தடவை அழுத்தியும் நிற்காவிட்டால் மணி என்ன என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், காய்ச்சலும் குளிரும் வந்தால், சீழ் வந்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மரத்த உணர்ச்சி மறுநாளும் உதட்டிலோ நாக்கிலோ இருந்தால் சொல்லுங்கள். நரம்பு உரசியிருக்கலாம், பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் கல் மாதிரி வீங்கினால், நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தால், சொந்த எச்சிலையே விழுங்க முடியாவிட்டால், குரல் மாறினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். கிருமி கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். இதில் உயிரே போகும். மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டினாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் கிடையாது.

தம்பி தங்கைகளுக்கு

முடிக்கிறேன். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பல் டாக்டருக்கு அந்த நாற்காலியில் நாற்பது நிமிடம்தான். மீதி ஏழு நாள் வேலை நம்முடையது. அவர் கொடுக்கிற தாள்தான் அதற்கு டிராயிங். அதைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டுங்கள். பல் எடுக்க நாள் குறிக்கும்போதே பரீட்சையோ இன்டர்வியூவோ அந்த வாரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே காஸ் துணி, உப்பு, ஐஸ், கஞ்சி மாவு, டாக்டர் போன் நம்பர் எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. விடுதியில் உங்கள் அறைத் தோழன் பல் எடுத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் கேலி செய்யுங்கள், அது நம் விடுதிப் பழக்கம், விட முடியாது. ஆனால் அன்று ராத்திரி அவனைத் தனியாக விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகாதீர்கள். மெஸ் அண்ணனிடம் சொல்லிக் குழைந்த சாதம் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி ஒரு தடவை எழுந்து, மூச்சு சரியாக இருக்கிறதா, தலையணையில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள், "எனக்குச் சரியாயிடுச்சுடா, கிரவுண்டுக்கு வர்றேன்" என்று அவன் கிளம்பினால், இந்த அண்ணனின் கதையைச் சொல்லி உட்கார வையுங்கள். 2016-இல் அந்த மாடி அறையில் எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

சாப்பாட்டில் முறுக்கு இருக்கிறதாம். பல் நன்றாக உள்ளவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.